பாய்க்கு அடியில்

"லெவாசா நான் இருக்கேன். என் தங்கச்சி சியேனி இருக்கா. எனக்காகப் பேச வேண்டிய மாதாவு இருக்கார். அப்புறம், செத்துப்போனவரைக் கோழிக்கூட்டுல அடைச்ச மேதை எனெலேயும் வந்திருக்கார். எல்லாரும் வந்தாச்சு. ஆரம்பிக்கலாமா?"

சமோவாவின் அந்தக் கடலோர ஊரில் லெவாசா என்பது குடும்பத் தலைவரின் பட்டம். அவர் சபையாக உட்கார்ந்துவிட்டால் மனைவிகூட அந்தப் பட்டத்தைச் சொல்லித்தான் அழைப்பாள். சுவரில்லாத அந்த வீட்டில் முதுகுக்குப் பின்னால் தூண் இருந்தது. அவர் சாயவில்லை.

மாதாவு தொண்டையைக் கனைத்தார். லெவாசாவின் சார்பில் பேசுவதுதான் அவர் பதவி. அன்று அந்த வேலையையும் லெவாசாவே பார்த்துக்கொண்டார்.

"சொல்லுங்க வாத்தியாரே. நேத்து துயோலோ கல்லறைகிட்ட பஸ்ஸை நிறுத்தி, ஒலிபெருக்கியில என்ன பாடம் எடுத்தீங்க?"

எனெலே கைகளைப் பிசைந்தான். சுற்றுலாப் பயணிகளுக்கு நாட்டின் வரலாற்றையும் பண்பாட்டையும் அறிமுகம் செய்வது அவன் தொழில்.

"அந்தக் காலத்துல சண்டை வந்தப்ப துயோலோ... கோழிக்கூட்டுல ஒளிஞ்சுக்கிட்டார்னு... சும்மா தமாஷுக்கு, லெவாசா அவர்களே."

"எந்தக் கோழி சொல்லுச்சு உங்களுக்கு?"

"பஸ்ஸுல எல்லாரும் தூங்கி வழிஞ்சாங்க. சிரிச்சாத்தான் அஞ்சு நட்சத்திரம் போடுறாங்க."

"ஓகோ! வானத்துல இருக்கிற நட்சத்திரம் பத்தாதுன்னு கல்லறையில போய்ப் பொறுக்கினீங்களாக்கும். பத்தடி தள்ளி துயோலோவோட கொள்ளுப்பேரன்கள் வலை காயவெச்சுக்கிட்டு இருந்தாங்களே, அவங்க எத்தனை நட்சத்திரம் போட்டாங்க?"

நேற்று மாலையிலிருந்து அந்தக் கொள்ளுப்பேரன்கள் வீட்டில் கத்தி தீட்டும் சத்தம் கேட்பதை ஊரே அறியும்.

"அண்ணா," என்றாள் சியேனி. "அவனுக்குச் சின்னச் சின்னப் பிள்ளைங்க இருக்கு. நல்லதா ஒரு பன்னி அனுப்பி, சமாதானமாப் போயிடலாமே?"

"துயோலோ மானம் எத்தனை கிலோன்னு நீ போய் நிறுத்துட்டு வா. அப்புறம் பன்னி தேடலாம்."

சியேனி கொண்டுவந்த கோகோ எல்லார் முன்னாலும் ஆறிக்கொண்டிருந்தது.

"வாத்தியாரே, இந்த மாதிரித் தப்புக்கு நம்ம பண்பாட்டுல என்ன முறை? பஸ்ஸுல தினமும் சொல்வீங்களே, எங்களுக்கும் ஒருதரம் சொல்லுங்க. நாங்க டிக்கெட் வாங்கல, பரவாயில்லையா?"

எனெலே தரையைப் பார்த்துச் சொன்னான்: "தப்பு செஞ்ச தரப்பு விடியறதுக்கு முன்னாடி பாதிக்கப்பட்ட வீட்டு முற்றத்துல மண்டிபோடணும். வீட்டுல இருக்கறதுலயே உசத்தியான பாயைத் தலையோட போர்த்திக்கணும். அவங்களா வந்து பாயைத் தூக்குற வரைக்கும் அசையக் கூடாது."

"வெயில் ஏறினா?"

"ஏறட்டும்னு இருக்கணும்."

"அவங்க தூக்கவே இல்லைன்னா?"

"அந்தக் காலத்துல... வெட்டினதும் உண்டு."

"இதைச் சொன்னா உங்க ஆளுங்க என்ன செய்வாங்க?"

"கைதட்டுவாங்க."

"சியேனி, அம்மா நெய்த பாயை எடு."

அவள் கைகள் அசையவில்லை. "அண்ணா, அந்தப் பாயா? கல்யாணத்துக்குக்கூட வெளியில எடுக்கலையே."

"எடுன்னா எடு. நாளைக்கு விடியும்போது அது துயோலோ வீட்டு முற்றத்துல இருக்கணும். நேத்து பஸ்ஸுல சிரிச்சாங்களே, அதே ஆளுங்க அத்தனை பேரும் அங்க வரணும்."

எனெலேயின் முகம் வெளிறியது. "அவங்க முன்னாடியா? வேண்டாம், லெவாசா அவர்களே. கால்ல விழறேன்."

"சிரிக்கும்போது இருந்தாங்கல்ல? இதுக்கும் இருக்கட்டும். சபை முடிஞ்சது."

மாதாவு இரண்டாம் முறை தொண்டையைக் கனைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் விடியும் முன்பே துயோலோ வீட்டு முற்றத்தில் பாய் போர்த்திய உருவம் ஒன்று மண்டியிட்டிருந்தது. பட்டுப்போல் மெல்லிய பாய். ஓரத்தில் சிவப்பு இறகுகள். கொள்ளுப்பேரன்கள் கத்திகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறியது. யாரும் பாயைத் தொடவில்லை.

பஸ் வந்தது. இறங்கியவர்கள் முதலில் படம் எடுத்தார்கள்.

"அட, இன்னைக்கு நிகழ்ச்சியெல்லாம் இருக்கா? இதுக்குத் தனி டிக்கெட்டா?" என்றாள் ஓலைத் தொப்பி அணிந்த ஓர் அம்மாள்.

பஸ் வாசலில் ஒலிபெருக்கி உயர்ந்தது.

"நேத்து நான் சொன்னது பொய்," என்றான் எனெலே. "துயோலோ எங்கேயும் ஒளியல. பெண்களும் பிள்ளைங்களும் காட்டுக்குள்ள தப்பிக்கிற வரைக்கும், பவளப்பாறை வாசல்ல தனி ஆளா நின்னு எதிரிங்களோட படகுகளைத் தடுத்தார். அங்கேயே செத்தார். அவர் நிக்கலைன்னா இந்த ஊரே இல்ல. நானும் இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. அவர்களில் எவரும் தூங்கவும் இல்லை.

மூத்த கொள்ளுப்பேரன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு முற்றத்தில் இறங்கினான். குனிந்து பாயைத் தூக்கினான்.

வியர்வை வழிய, முதுகு வளையாமல் மண்டியிட்டிருந்தார் லெவாசா.

பயணிகள் கைதட்டினார்கள்.

அந்த வாரம் முழுக்க விடுதியில் ஒரே பேச்சு: மன்னிப்புக் காட்சிக்காகக் கூலிக்கு ஒரு கிழவரை அமர்த்தியிருக்கிறார்களாம், பிரமாதமாக நடிக்கிறாராம். அது தவறு. அவரை யாரும் அமர்த்தவில்லை. தப்பு செய்தவனுக்காக மண்டியிட வேண்டியவர் அவனுடைய குடும்பத் தலைவர் என்பதுதான் முறை; எனெலே லெவாசாவின் ஒரே மகன்.