சத்தமில்லாத மெஷின்

"மெதுவாப் பேசு தங்கச்சி. இப்பத்தான் கண்ணசந்திருக்காரு" என்று கிசுகிசுத்தாள் துதா.

தஸீரி தலையாட்டிவிட்டு, பனிச்சேறு படிந்த காலணியைக் கழற்றினாள். கூடத்தில், திரை தொங்கிய அறைவாசலை ஒட்டி, ஆக்ஸிஜன் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் குழாய் திரைக்கு அடியில் நுழைந்து உள்ளே போனது.

துதாவின் கணவன் மோஹா சுரங்கத்தில் கல்தூசி தின்று நெஞ்சு கெட்டுப்போனவன். கடைசியில் குரலும் போய், மூச்சு மட்டும்தான் மிச்சம். அட்லஸ் மலையின் அந்தக் கடைக்கோடி ஊருக்கு தஸீரி சோலார் மின்சாரம் வடிவமைத்தபோது, பேட்டரி அறைக்குத் தன் தொழுவத்தை விட்டுக்கொடுத்தவன் அவன்தான்.

பனியில் கணவாய் மூடிவிட, குளிர்காலம் முழுக்க அவளால் வர முடியவில்லை. இப்போது வந்து பார்த்தால், பகலில் நிரம்பும் பேட்டரி விடிவதற்குள் காலி. பாதியை இந்த ஒரு மெஷினே குடித்துக்கொண்டிருந்தது. மற்ற வீடுகள் இரவு இஷா தொழுகை முடிந்ததுமே விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் கிடந்தன. தடுப்பூசி மருந்து வைக்கும் ஃபிரிட்ஜ்கூட ஓடவில்லை.

ஊர்க்கூட்டத்தில் சண்டை வெடிக்கும் என்றுதான் நினைத்தாள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. "எங்க வீட்டு வெளக்க வேணும்னா பிடுங்கிக்கோம்மா. அந்த வீட்ட மட்டும் தொடாத" என்றார் மாவுமில் ஹத்து.

இன்னொரு பேட்டரி வாங்க ஊருக்கு வசதியில்லை. அதனால் வேறு யோசனையோடு வந்திருந்தாள் தஸீரி.

"அக்கா, பேட்டரியக் கூட்டுறதவிட மெஷின மாத்துறது மலிவு. புதுசு ஒண்ணு கொண்டாந்திருக்கேன். இதுல பாதி கரண்டுதான் இழுக்கும்."

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த துதாவின் கை நின்றது. "இதே மாதிரி ஓடுமா?"

"இதவிட நல்லா ஓடும். சத்தமே கேக்காது. நீங்களும் நிம்மதியாத் தூங்கலாம்."

"சத்தமே வராதா?" துதாவின் முகம் வெளுத்தது. "அப்ப வேணாம்."

"ஏன்க்கா?"

"வேணாம்னா விடேன்!"

தஸீரிக்குச் சுருக்கென்றது. குனிந்து மெஷினைப் பார்த்தவளுக்குக் கோபமே வந்துவிட்டது. "தண்ணிக் குப்பி காஞ்சு கெடக்கே! வறண்ட காத்துப் போனா அவருக்கு மூக்கு எரியாதா? நோயாளியப் பாத்துக்கற லட்சணமா இது?"

குரல் உயர்ந்ததில் எதிர் அறையிலிருந்து இருமல் கேட்டது. மோஹாவின் அப்பா. பார்வையில்லாதவர், படுத்த படுக்கை.

"துதா! பய தூங்குறானா?"

"தூங்குறாரு மாமா!"

"மெஷின் ஓடுதுல்ல?"

"ஓடுது மாமா. நல்லாக் கேளுங்க."

கிழவர் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். "அல்ஹம்துலில்லாஹ்... அது ஓடுற வரைக்கும் எம்புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது."

குழாயையாவது சரிபார்க்கலாம் என்று தஸீரி திரையை விலக்கினாள். படுக்கை சுருட்டிச் சுவரோரம் சாத்தப்பட்டிருந்தது. குழாயின் முனை வெறுந்தரையில் கிடந்து, ஆளில்லாத அறைக்குள் காற்றை ஊதிக்கொண்டிருந்தது.

துதா அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது.

"பனி உருகறதுக்குள்ள போயிட்டாரு தங்கச்சி. ஊரே வாயப் பொத்தி அழுதுகிட்டுத்தான் அடக்கம் பண்ணுச்சு... மாமாவுக்கு மட்டும் தெரியாது."