படிக்கட்டில் ஒரு தகப்பன்

கதவைச் சாத்திய பிறகும் பத்மநாதன் படிக்கட்டில் இறங்காமல் வாசலிலேயே நின்றான்.

அவனுடைய வீட்டுக்கு வெளியே அவனையே நிறுத்திவிட்டார்கள். உள்ளே மனைவி பரமேஸ்வரி, பிறந்து இருபத்தாறு நாளான மகள், பிள்ளையை எடை நிறுத்துப் பார்க்க வந்த தாதி எலேனா, மொழிபெயர்க்க வந்த கஜலக்சுமி அக்கா.

தஞ்சம் கேட்டு வந்த இந்தக் கூர் நகரத்தில் பிள்ளை பெற்ற வீடுகளுக்கு இப்படித் தாதி வருவது வழக்கம். நல்லதுக்குத்தான் என்றார்கள். தாய்க்கு மனம் சரியில்லை என்று கண்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்றும் சொன்னார்கள். இரண்டையும் சொன்னவர்கள் நம்மவர்கள்தான்.

பரமேஸ்வரி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் வாய் திறக்கவில்லை. பிள்ளையைத் தொடவில்லை. சுவரைப் பார்த்தபடியே கிடந்தாள்.

பால் கரைத்தது, குளிப்பாட்டியது, தோளில் போட்டுக்கொண்டு நடந்தது எல்லாம் அவன்தான். வேலை அனுமதி இன்னும் கிடைக்காததற்கு முதல் தடவையாகக் கடவுளுக்கு நன்றி சொன்னான்.

இன்று காலை அவளை எழுப்பி இருத்தினான். சேலை சுற்றி, தலை பின்னி, பொட்டும் வைத்து, பிள்ளையை மடியில் கிடத்தினான். எலேனாவின் கேள்வியைக் கஜலக்சுமி அக்கா தமிழில் கேட்டு முடிக்குமுன் தானே பதில் சொன்னான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தான், பாவம்.

எலேனாவுக்குத் தெரிந்திருக்காது. கஜலக்சுமி அக்காதான் பொட்டைப் பார்த்தாள். அது ஒரு பக்கமாக இழுபட்டுக் கிடந்தது. எந்தப் பெண்ணும் தன் நெற்றியில் அப்படி வைக்கமாட்டாள்.

தாதியின் காதில் ஏதோ சொன்னாள். பிறகு, தாயோடு தனியாகக் கதைக்க வேண்டும் என்று அவனை வெளியே நிற்கச் சொன்னாள்.

உள்ளே பிள்ளை வீரிட்டது.

அவன் கதவோடு காதை ஒட்டினான். பரமேஸ்வரி தூக்கமாட்டாள். எல்லாம் வெளியே தெரிந்துவிடும். கதவில் கை வைத்தான், எடுத்தான். பிள்ளையைப் பறித்துக்கொண்டு ஓடிவிடலாமா என்று நினைத்தான். எங்கே ஓடுவது? ஓடித்தானே இங்கே வந்தது.

அழுகை நின்றது. அது இன்னும் பயமாக இருந்தது.

கதவு திறந்தது. கஜலக்சுமி அக்காவின் தோளில் பிள்ளை. பின்னால் எலேனா.

பத்மநாதன் இரண்டு கைகளையும் விரித்துப் படிக்கட்டை மறித்தான்.

"அக்கா, கும்பிட்டுக் கேக்கிறன். கொண்டு போகாதேங்கோ. நான் வடிவாப் பாப்பன்."

"ஆர் கொண்டு போறது? நீர் உள்ளை போய்ப் படும் தம்பி. இவர் நித்திரை கொண்டு கனநாள், ஒரு மணித்தியாலம் பிள்ளையை வைச்சிருங்கோ எண்டு பரமேஸ்வரி தங்கச்சி கேக்கிறா."

நித்திரையும் மணித்தியாலமும் அவன் காதில் ஏறவில்லை, 'கேக்கிறா' என்ற சொல் மட்டும் ஏறியது. விரித்த கைகள் விரித்தபடியே நின்றன.

"கதைச்சவளோ?" என்றான்.