பேர் வைக்காத குட்டி

"பேரு மட்டும் வெச்சுடாதீங்க" என்றாள் மனைவி.

அந்த வீட்டில் அதுதான் சட்டம். பெயரில்லாதது வந்த வழியே போகலாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் பிறகு அது வீட்டுப் பிள்ளை; துரத்த அவளுக்கு மனசு வராது. அது தெரிந்துதான், மகள் தூக்கிவந்த நாய்க்குட்டியின் பக்கம் திரும்பாமலே உட்கார்ந்திருந்தாள்.

கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்த அவள் புருஷன், கல்லுடைப்பவர், விடுவதாக இல்லை. நாளைக்கு மகளும் கல்யாணமாகிப் போய்விட்டால் இந்த வீட்டில் இவளுக்கு யார் துணை? அந்தக் கணக்கில் அவர் தன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

தலை நரைத்த பிறகு எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியவர். பனி தேசத்துப் பழைய சாமிகளின் கதைப் புத்தகம் ஒன்றை மாதக்கணக்காக மென்றுகொண்டிருந்தார். பேர் தேடி மகள்தான் அதைப் புரட்டினாள்.

"தோர்னு வைப்போம்பா. இடி சாமி. கையில பெரிய சுத்தியல்."

"ஆயுசு பூரா நான் தூக்கின சுத்தியல் போதும். குட்டியாவது சும்மா இருக்கட்டும்."

"அப்ப லோகி? ஊரையே ஏமாத்துற கில்லாடி."

"அப்படி ஒருத்தர் ஏற்கெனவே இங்க படுத்திருக்காரு" என்றாள் மனைவி. "பொட்டைக் குட்டிக்கு ஆம்பளப் பேரு தேடுறாங்க அப்பனும் மகளும்."

திரும்பியே பார்க்காதவளுக்கு அது எப்படித் தெரிந்ததோ! அவர் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

"சிகின்னு வைப்போம். லோகியோட பொண்டாட்டி" என்றார்.

"அவ என்னத்தைச் சாதிச்சா?" என்றாள் மனைவி.

மூச்சைப் பிடித்துப் பிடித்துச் சொன்னார். லோகி செய்த தப்புக்கு அவனைப் பாறையோடு கட்டிப்போட்டார்கள். தலைக்கு மேலே ஒரு பாம்பு. அதன் விஷம் சொட்டுச் சொட்டாக முகத்தில் விழும். எல்லாச் சாமியும் போய்விட்டது. அவள் போகவில்லை. பக்கத்திலேயே இருந்து, ஒரு கிண்ணத்தில் அந்த விஷத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"இடி சாமிக்குப் பக்கம் பக்கமா எழுதியிருக்கான். இவளுக்கு நாலு வரி. எனக்கென்னவோ அந்தப் புஸ்தகத்துலயே இவதான் பெரிய ஆளு."

மனைவி கேட்டாள்:

"கிண்ணம் நெறஞ்சா?"

"கொட்டிட்டு வரப் போவா. அந்த நேரம் விஷம் மூஞ்சியில விழும். அவன் துடிக்கிற துடிப்புல பூமியே ஆடுமாம்."

"பாவி மக. ஒரு ஆளைப் பக்கத்துல வெச்சுட்டுப் போகக் கூடாதா?"

அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. பாறைத் தூசு குடியேறிய நெஞ்சு; கட்டிலே குலுங்கியது.

அடங்கியதும் மனைவி அவர் வாயைத் துடைத்துவிட்டு, இவ்வளவு நேரமும் அவர் தாடைக்குக் கீழே ஏந்திப் பிடித்திருந்த எவர்சில்வர் கிண்ணத்தோடு எழுந்தாள். கழுவிக்கொண்டு வரப் பின்வாசல் வரை போனவள் நின்றாள்.

குட்டியை நேராகப் பார்த்தாள்.

"ஏய் சிகினு, அப்பாவைப் பாத்துக்க. இதோ வந்துடறேன்."