அளவுத் துப்பாக்கி

"ரெண்டு குழலுக்கும் தனித்தனி விசை வேணும். கிட்டக்க எழும்புற கவுதாரிக்கு வலது, தூரத்துக்கு இடது. தோள்ல பதியற கட்டை வளைவில்லாம நேரா இருக்கட்டும். போதுமா?" ஓரெஸ்தே மூச்சுவிடாமல் சொல்லி முடிக்கிறார். இத்தாலியின் கார்தோனே ஊர்த் துப்பாக்கிப் பட்டறையில் இரும்புத்தூளும் ஆளிவிதை எண்ணெயும் மணக்கின்றன. மலையில் எங்கோ வெடிச்சத்தம் கேட்டதும், வெளியே வண்டியில் அடைத்த அவருடைய நாய் கண்ணாடியைப் பிறாண்டுகிறது. துப்பாக்கி செய்யும் செவெரினா, அளவு பார்க்கும் துப்பாக்கியை மடித்து, குழல்கள் காலி என்று காட்டிவிட்டுக் கொடுக்கிறாள். நாலடி தள்ளி நின்று தன் கண்ணுக்குக் கீழே விரலை வைக்கிறாள். "இங்க குறி வைங்க." வலது தோளில் பதித்துக் குறி வைக்கிறார். அவள் ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை. "இன்னொரு தடவை." அவருடைய குதிகால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. "ஏன், கட்டை நீளமா?" "இல்ல. இடக்கண்ணை மூடிக்கிட்டு வைங்க."

மூடுகிறார். சன்னல் வெளிச்சம் பாலாகப் பரவி அவள் முகத்தையும் சுவரையும் பட்டறையையும் விழுங்கிவிடுகிறது. நாய் விடாமல் குரைக்கிறது. அவள் நின்ற இடத்தை நினைவில் பிடித்து, குழல் ஆடாமல் நிறுத்துகிறார். "நல்லாத் தெரியுது, செவெரினா. உன் விரல் நகம்கூடத் தெரியுது."

பதில் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிறது. "அப்ப கட்டையை இடது தோளுக்குச் செஞ்சிடறேன், ஓரெஸ்தே."