களியக்காவிளை வாசகர்கள்

வாங்க வந்த ஜெரிஷ் மடிக்கணினியைக் கவிழ்த்துப் போட்டு அதன் வயிற்றைப் பார்த்தான்.

ஜெப்சன் அவன் விரல்களைப் பார்த்தான்.

அந்த விரல்கள் எங்கே வேண்டுமானாலும் போகட்டும், 'கே' பொத்தானில் மட்டும் படக்கூடாது. அது செத்து ஒரு மாதம் ஆகிறது. இணையத்தில் போட்ட விற்பனை விளம்பரத்தில் மற்ற எல்லாம் எழுதியிருந்தான். பேட்டரி புதிது, திரையில் கீறல் இல்லை, வீட்டு உபயோகம் மட்டும். 'கே'யைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் எழுதுகிறவனுக்கு 'கே' போனால் 'க' போயிற்று. கடைசிக் கட்டுரையை, பழைய கட்டுரை ஒன்றிலிருந்து 'க'வைப் பிய்த்துப் பிய்த்து ஒட்டித்தான் முடித்தான்.

கட்டுரை வந்தது 'பரளியாறு' என்ற இணையதளத்தில். ஜெப்சனின் சொந்தத் தளம். பத்துப் பன்னிரண்டு வருடமாக ஓடுகிறது. ஏத்தங்காய் சிப்ஸில் எண்ணெய் மாறிய கதை, கோட்டாற்றுச் சந்துகளின் சாக்கடைகள், கல்யாணச் சாப்பாட்டில் இரண்டாவது பாயசம் காணாமல் போன விதம் என்று உலகத்துக்குத் தெரிய வேண்டிய பலவும் அதில் இருந்தன.

தளம் நிற்காமல் ஓட வருடா வருடம் பணம் கட்ட வேண்டும். வருடா வருடம் வீட்டில் ஒரு பொருள் குறையும். டிவிடி பிளேயர் போனது. கேமரா போனது. ஜினிஷாவின் அண்ணன் துபாயிலிருந்து சுமந்துகொண்டு வந்த ஸ்பீக்கரும் போனது.

"இனி விக்கதுக்கு நான் ஒருத்திதான் பாக்கி," என்று அவன் மனைவி ஜினிஷா சொல்லியிருந்தாள். "போட்டோவையாவது நல்லா எடுத்துப் போடுங்க."

நாளைக்குள் கட்டாவிட்டால் பரளியாறு நின்றுவிடும். நிற்கட்டும் என்பது அவள் கட்சி. யார் படிக்கிறார்கள் என்று கேட்டாள்.

அதற்கு அவனிடம் ஆதாரம் இருந்தது. களியக்காவிளை.

தளத்தின் வருகைக் கணக்கில் களியக்காவிளை இல்லாத நாளே இல்லை. ஒவ்வொரு முறையும் வேறு வேறு கணினி. எல்லாம் அரதப் பழசு. வந்த ஒருவர்கூடப் பாதியில் எழுந்து போனதில்லை. கட்டுரையின் கடைசி வரியைத் தொட்டுவிட்டுத்தான் போனார்கள்.

கேரளத்தின் வாசலில் தமிழுக்கு ஏங்கிக் கிடக்கும் எளிய மக்கள் என்று ஜெப்சன் முடிவுசெய்திருந்தான். அவர்களுடைய கணினி திணறக்கூடாது என்று தளத்திலிருந்து படங்களை எடுத்தான். பிறகு வண்ணங்களை எடுத்தான். பின்னூட்டப் பெட்டி என்று ஒன்று வைக்கவே இல்லை.

ஜெரிஷ் கணினியை நிமிர்த்தி உயிர் கொடுத்தான். பழைய கணினிகளை வாங்கி விற்கிறவன். விளம்பரத்தைப் பார்த்து, கடை வைத்திருப்பதாகப் போனில் சொல்லிவிட்டு, பைக்கில் வந்திருந்தான். தன் செல்போனிலிருந்து இணையத்தை இழுத்துக் கொடுத்தான். பிறகு ஏதோ ஒரு முகவரியைத் தட்டத் தொடங்கினான்.

ஜெப்சன் எழுத்து எழுத்தாகப் பின்தொடர்ந்தான்.

அந்த முகவரியில் 'கே' இல்லை.

திரையில் பரளியாறு வந்தது.

டீயோடு வந்த ஜினிஷா அப்படியே நின்றாள்.

ஜெரிஷ் விரலை வைத்து இழுத்தான். சிப்ஸ் ஓடியது. சாக்கடை ஓடியது. இரண்டாவது பாயசமும் ஓடியது. கடைசி வரியில் போய் முட்டி நின்றது.

"களியக்காவிளையில நம்ம கடைக்கு வாற எல்லா லேப்டாப்புக்கும் இதுதான் டெஸ்ட், அண்ணா," என்றான். "எந்தப் பழசுலயும் சட்டுன்னு தெறக்கும். உள்ள ஒண்ணுமே கெடையாது. ஆனா நல்ல நீளம். டச்பேட் பாக்கதுக்கு இதுமாதிரி வேற கெடையாது."

யார் எழுதுகிறது என்று ஜினிஷா ஒன்றும் தெரியாதவள்போல முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்.

தெரியாது, அநேகமாகச் செத்துப்போயிருப்பார் என்றான் ஜெரிஷ். உயிரோடு இருக்கிறவன் விளம்பரம் போடாமல் விடுவானா? நல்ல மனுஷனாகத்தான் இருந்திருப்பார். ஒரே குறை, தட்டிப் பார்க்க ஒரு பெட்டி வைக்கவில்லை. அது மட்டும் இருந்தால் கீபோர்டையும் அங்கேயே பார்த்துவிடலாம். பரவாயில்லை, அண்ணனைப் பார்த்தால் பொய் சொல்கிற ஆளாகத் தெரியவில்லை.

ஜினிஷா ஜெப்சனைப் பார்த்தாள். அவன் டீயைப் பார்த்தான்.

ஜெரிஷ் பணத்தைக் கொடுத்து, கணினியைப் பைக்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

ஜினிஷா டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஏதாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

பரளியாற்றை மூடிவிடுவது என்று சாயங்காலம் வரை ஜெப்சன் உறுதியாக இருந்தான். அதன்பின் வேறு மாதிரித் தோன்றியது. இத்தனை வருடத்தில் ஒரு வாசகர் நேரில் வந்து கருத்துச் சொன்னது இதுதான் முதல் தடவை. நீளம் என்றார். நல்ல நீளம் என்றார். அவர் சொன்ன குறையிலும் நியாயம் இருந்தது.

பணத்தைக் கட்டினான். ஜினிஷாவின் அலுவலகக் கணினியை இரவல் வாங்கி, ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் ஒரு பெட்டி வைத்தான்.

மறுநாள் காலை, பரளியாற்றின் வரலாற்றில் முதல் பின்னூட்டம் வந்திருப்பதாகச் செல்போன் சொன்னது. களியக்காவிளையிலிருந்து. ஜெப்சன் அதைத் திறந்துகூடப் பார்க்காமல், ஓடிப்போய் ஜினிஷாவின் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னான்.

அவள் படித்தாள். 'ஏ'யில் தொடங்கி 'இசட்' வரை, ஆங்கில எழுத்துகள் அத்தனையும் வரிசையாக நின்றன. நடுவில் மட்டும் 'ஜே'யும் 'எல்'லும் ஒட்டிக்கொண்டிருந்தன.

அவள் கையிலேயே போன் அடித்தது. பெயரைப் பார்த்துவிட்டு அவனிடம் நீட்டினாள்.

"எடுங்க. ஒங்க வாசகர் விளிக்காரு."