சனிக்கிழமை செய்து தாறன்

றொபினுக்குக் கோட்டுப் போட்டாயிற்று. கழுத்தில் கட்டிய ரை நேராக இருக்கிறதா என்று தகப்பன் ஒருக்கால் வந்து பார்க்கட்டும் எனத் தாய் மார்கிரட் உள்ளேயிருந்து சொல்லி அனுப்பியிருந்தார். தகப்பன் ஜோர்ஜோ காருக்குக் கீழே கிடந்தார்.

முற்றத்தில் பந்தல், வாடகைக் கதிரைகள், வீடு கொள்ளாத சனம். மூன்று மணிக்குச் சேர்ச்சுக்கு வெளிக்கிட வேண்டும். இந்த நேரம் பார்த்து வீட்டுக்காரன் இடுப்பில் எண்ணெய் பிடித்த சாரத்தோடு கார்க் கொட்டிலுக்குள் மல்லாந்து கிடந்தால் ஆர்தான் என்ன செய்கிறது? வட்டுக்கோட்டைச் சனத்தின் வாய் இலேசில் சும்மா இராது. அன்றைக்கென்று ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை.

மார்கிரட்டின் தம்பி அருள்நேசன்தான் குனிந்து கூப்பிட்டுப் பார்த்தார். போதகர் வந்துவிட்டார், ஷாமினி வீட்டாரும் வந்து இறங்கிவிட்டார்கள், எழும்பிக் குளியுங்கள் என்றார். ஷாமினி, றொபினோடு மோதிரம் மாற்றிய பெண். வெள்ளைச் சேலை உடுத்து, அவனுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தியிருந்தார்கள்.

"இதை முடிச்சுப்போட்டு வாறன்," என்றார் ஜோர்ஜ்.

"திங்கட்கிழமை ஆரும் மெக்கானிக்கைக் கொண்டு செய்விப்பம், அத்தான்."

"சனிக்கிழமை எண்டு றொபினுக்குச் சொன்னனான்."

சொன்னது உண்மைதான். கார் றொபினுடையது, ஒட்டோ கியர். கியர்பொக்ஸுக்குள் சில்லைச் சுழற்றும் தண்டு நுழைகிற வாயில் ஒரு றப்பர் வளையம் இருக்கும், ஓயில் சீல் என்பார்கள். அது தேய்ந்து, விடிய எழும்பிப் பார்த்தால் சீமெந்து நிலத்தில் சிவப்பாக ஓயில் தேங்கி நிற்கும்.

ஜோர்ஜ் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவர். கார் வேலை என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். நானே செய்வேன், கண்டவனையும் கைவைக்க விடமாட்டேன் என்று மருதனார்மடத்தில் புது சீல் வாங்கி வைத்துவிட்டு, நாளைக்கு நாளைக்கு என்று இழுத்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை காலை வேலைக்கு வெளிக்கிட்டு நின்ற றொபின், எப்போது செய்து தரப்போகிறீர்கள் என்று கேட்டான். சனிக்கிழமை கட்டாயம் செய்து தருகிறேன், அதுவரை காரைத் தொடாதே, ஓயில் இறங்கின கியர்பொக்ஸ் எரிந்துபோகும் என்றார் ஜோர்ஜ். சாவி வளையத்திலிருந்து தன்னுடைய மோட்டார்சைக்கிள் திறப்பை எடுத்து நீட்டினார். புத்தூர் வரைக்கும் இதிலையோ என்று முகத்தைச் சுளித்தாலும், பெடியன் தகப்பன் சொல்லைத் தட்டாமல் வாங்கிக்கொண்டு போனான்.

பழைய சீலைத் ஸ்குரூட்றைவரால் நெம்பி எடுத்தாயிற்று. புதியது ஒரு பக்கம் சரிந்து ஏறினாலும் திரும்ப ஒழுகும் என்பதால், சுற்றிவரச் சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டி இறக்கினார். தண்டைத் தள்ளிப் பூட்டும்போது கை வழுக்கி இரும்பில் கிழிந்தது. ஓயிலும் சிவப்பு, இரத்தமும் சிவப்பு. அவருக்கு நோகவில்லை. புதன்கிழமையிலிருந்தே ஒன்றும் உறைக்கவில்லை.

பக்கத்து வீட்டுத் தங்கமுத்து தன் குசினியில் ஊற்றிய தேத்தண்ணியைக் கேத்தலோடு கொண்டுவந்து எல்லோருக்கும் வார்த்தார். ஜோர்ஜின் தலைமாட்டில் வைத்த கிளாஸ் ஆடை படர்ந்து ஆறிக் கிடந்தது. உள்ளே பாட்டுத் தொடங்கியது.

சில்லைப் பூட்டி, காரைத் தூக்கி நிறுத்தியிருந்த ஜக்கை இறக்கி, புது ஓயில் வார்த்தார். காரை ஸ்டார்ட் செய்து கியரை முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றி மாற்றிப் போட்டார். பிறகு கீழே ஒரு காட்போட் மட்டையைச் செருகிவிட்டு, பக்கத்தில் குந்திக்கொண்டு அதையே பார்த்தார். அருள்நேசனும் பக்கத்தில் குந்தினார்.

மட்டையில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

ஜோர்ஜ் எழும்பிக் கையைச் சாரத்தில் துடைத்தார். கார்த் திறப்பைக் கழற்றி, அதையும் துடைத்தார். குளிக்கவும் இல்லை, சேட்டு மாற்றவும் இல்லை. அப்படியே விறாந்தையால் ஏறினார். சனம் இரண்டு பக்கமும் விலகி வழி விட்டது. ஷாமினி எழுந்து நின்றாள்.

வாசற்படியில் அவருடைய கால் நின்றுவிட்டது. உள்ளே போகவும் இல்லை, திரும்பவும் இல்லை.

"இனி ஒழுகாது," என்றார் ஒருவரையும் பார்க்காமல். "திறப்பை அவன்ரை கையிலை குடுக்கவேணும்."

அருள்நேசன் பின்னால் வந்து அவருடைய தோளைப் பிடித்தார்.

"இப்பவே குடுங்கோ அத்தான், பெட்டியை மூடப்போயினம்."