கழற்றிப் போட்ட ஸ்விட்ச்

ஒயரெல்லாம் பிடுங்கி ஸ்டோர் ரூம் மூலையில் போட்ட நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டி அது. ஆனாலும் அதன் சூட்டின் அளவு மட்டும் கண்காணிப்புத் திரைக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

"செத்தும் வேலைக்கு வருது, நம்மளவிட பரவாயில்ல," என்றான் ஷிப்டில் கூட இருந்தவன்.

இன்ஜினியருக்குச் சிரிப்பு வரவில்லை. வேறொரு பெட்டியின் சூடு இதன் பேரில் பதிவானால், அந்தப் பெட்டி கேட்பாரில்லாமல் கருகிவிடும். அவனைத் திரையைப் பார்த்துச் சொல்லச் சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்தபடி ஸ்டோர் ரூமுக்குப் போனாள். ஸ்விட்ச் சில்லென்று கிடந்தது. திரைகள் வராத காலத்துப் பழக்கத்தில், அதன் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"ஏறுதுக்கா! உங்க கைச்சூட்ட அப்படியே காட்டுது."

கையை எடுத்தாள். வெளியே வந்து கதவைப் பூட்டினாள்.

"இப்ப இறங்குதா?"

"எப்படிக்கா இறங்கும்? நீங்கதான் இன்னும் கைய எடுக்கலையே."